சுவர் காயும் வரை

(மலைக்கோட்டை வடக்கு ஆண்டார் வீதியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நமக்கு மேலே மலையில் இருக்கிற தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இரத்தினாவதி என்கிற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து அம்மா வரவேண்டும். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவபெருமானே அம்மாவாக வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடிகிற வரை கூடவே இருந்தார், பெற்றவள் வந்து சேர்ந்ததும் மறைந்தார். சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை. எனக்கு இதில் ஒரே ஒரு குறை உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் வீடுகளைக் கழுவியது யார், சுவர் காய எத்தனை நாள் ஆயிற்று என்று தலபுராணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சிரிப்பு)

தலபுராணம் என்ன, பத்திரிகையும் சொல்வதில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 1928இல் கட்டிய பாலம். நாலு நாள் கழித்து, 22ஆம் தேதி ராத்திரி, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை. படம் போட்டார்கள், தலையங்கம் எழுதினார்கள். சரிதான். ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் காலையிலிருந்து, கடைசிச் சுவருக்கு வெள்ளை அடிக்கிற நாள் வரை ஒரு நாலைந்து மாதம் இருக்கிறதே, அதே வீட்டில் சமைத்து, தூங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஓட்டுகிற மாதங்கள், அதை யாரும் எழுதுவதில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தியவன். சுவருக்குத் தண்ணீர் விடுவது எப்படி என்று ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பூச்சு முடிந்ததும் ஏழு நாள் நனைக்கணும், கியூரிங், அது இது என்று. சுவரிலிருந்து தண்ணீரை எடுப்பது எப்படி என்று சிலபஸில் கிடையாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2005ஆம் வருஷத்து வெள்ளமும், வடாம் காயவைத்தே எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும்.

நம் ஊருக்கு இரண்டு விதமாகத் தண்ணீர் வரும். முதலாவது ஆடித் தண்ணீர். கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூர் நூற்றிருபது அடி நிரம்பித் திறந்தால் வருவது. அது சொல்லிவிட்டு வரும். மேட்டூரில் திறந்தது இங்கே வந்து சேர ஒரு நாளாவது ஆகும். தண்டோராவோ ஆட்டோ மைக்கோ முந்திக்கொண்டு வந்துவிடும். முக்கொம்பில் பிரித்து, மிஞ்சுவதைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். கரையோரத்துக்காரர்கள் சாமான்களை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும். வடிந்த பிறகும் ஆடிக் காற்று இருக்கிறது. வெயில் இருக்கிறது. சீக்கிரம் காய்ந்துவிடும்.

இரண்டாவது கார்த்திகைத் தண்ணீர். இதற்கும் மேட்டூருக்கும் சம்பந்தமே இல்லை. மணப்பாறைப் பக்கம் ராத்திரி முழுக்கக் கொட்டினால் கோரையாறு பொங்கிக்கொண்டு வரும். அரியாறு வேறு. புத்தூர் ஆறுகண் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலோடு மோதி, குடமுருட்டியாகக் காவிரிக்குப் போகவேண்டும். காவிரியே நிரம்பி நின்றால் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். 1977 நவம்பர் 12ஆம் தேதி புயலை இங்கே பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே மாதம் 19ஆம் தேதி ஆந்திராவில் திவிசீமையை அடித்த புயல் ஊர் ஊராய்ச் சாகடித்ததால், ஒரு வாரம் முந்தைய நம்முடைய புயலை நாடு மறந்துவிட்டது. 2005 நவம்பரில் மறுபடி. 2021 நவம்பரிலும் தாழ்வான நகர்களில் தண்ணீர். இது சொல்லாமல் வரும். வடிந்த பிறகும் வானம் மூடியே கிடக்கும், அடுத்து மார்கழிப் பனி. சுவர் காயவே காயாது.

ஆகவே வீட்டுக்குள் வந்தது ஆடித் தண்ணீரா கார்த்திகைத் தண்ணீரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டரே மாறிப்போகும்.

எங்கள் வீடு உறையூருக்கு மேற்கே, குழுமணி சாலையிலிருந்து உள்ளே தள்ளி. ஒற்றைத் தளம், மேலே மொட்டை மாடியில் ஒரு அறை. விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டில் காலைத் தொட்ட தண்ணீர், ஏழு மணிக்கு மூன்றடியைத் தாண்டிவிட்டது. மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, உப்பிப்போயிருந்தது. உள்ளே நாலு விரல் கனத்துக்குச் சேறு. கிரைண்டர் கவிழ்ந்து கிடந்தது. காலி கேஸ் சிலிண்டர் மிதந்துபோய்ப் பூஜை அறை வாசலில் படுத்திருந்தது.

எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம்: சுவிட்சைப் போட்டுப் பார்க்கப் போனேன். என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த வயரிங்கில் மெயினைப் போடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. வயர்மேனைக் கூப்பிட்டு, மெக்கர் என்கிற கருவியை வைத்து வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுங்கள். காயவைத்து மாட்டினால் இரண்டு மாதம் வேலை செய்யும், மூன்றாம் மாதம் புகையும்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வாரிவிட வேண்டும். காய்ந்தால் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கார்ப்பரேஷன்காரர்கள் பிளீச்சிங் பவுடர் தருவார்கள். அதோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புகிற வாயு நெஞ்சை அடைத்துவிடும். டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக "வெள்ளத் தண்ணியில நின்னேன்" என்று சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். வெறும் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

இதெல்லாம் முதல் வாரம். முதல் வாரத்தில் ஆள் இருக்கும். கல்யாண மண்டபத்திலிருந்து சாம்பார் சாதப் பொட்டலம் வரும். சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருவரும் இல்லை; வீட்டில் சண்டை ஆரம்பிக்கிற வாரமும் அதுதான். யாரைப் பார்த்தாலும் எரிச்சல். முடை நாற்றம் துணியில், தலையணையில், சோற்றில்கூட அடிக்கிற மாதிரி இருக்கும். சாம்பிராணி போட்டால் நாற்றம் கொஞ்சம் மறையும், ஈரம் போகாது.

அந்த வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் ஒரு யோசனைதான். "வீடு பூரா ஒரே நாள்ல காயாதுடா. ஒரு ரூமை முதல்ல காயவை. அதுல இருப்போம். மத்ததெல்லாம் அது பாட்டுக்குக் காயட்டும்."

கிழக்குப் பார்த்த அறையைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு ஜன்னல், வெளிமண் தொடுகிற சுவர் ஒன்றே ஒன்று. அதிலிருந்த மர சாமான் அத்தனையும் வெளியே. ஃபேன் ராத்திரி பகல் ஓடியது. ஜன்னலைத் திறப்பதற்கும் அம்மா ஒரு நேரம் வைத்திருந்தாள்: காலை பதினோரு மணிக்குத் திறப்பது, நாலு மணிக்குச் சாத்துவது. நான் காற்றோட்டம் வேண்டும் என்று ராத்திரியும் திறந்து வைப்பேன். "பனி இறங்குறப்போ வடாத்தை வெளியில வைப்பாங்களா?" என்றாள். யோசித்தால் அதுதான் விஞ்ஞானம். மழைக்காலத்தில் ராத்திரிக் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது; சுவரிலிருந்து வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. உச்சிப் பகலில்தான் காற்றுக்குத் தாகம் எடுக்கும்.

அந்த அறைக்குள் செருப்புக் கிடையாது, ஈரத்துணி காயப்போடக் கூடாது, அடுப்பும் கூடாது. சமையல் முன்வராந்தாவில், ஒற்றை பர்னரில். ஐந்து பேர் கோரைப்பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். மாடி அறையில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்திரங்கள், பள்ளிக்கூடப் புத்தகம், அரிசி எல்லாம் அங்கே ஏறிவிட்டன. இன்னொன்று, அம்மாவால் படியேற முடியாது.

இனி சுவருக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

செங்கல் சுவர் தண்ணீரில் நின்றால் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மூன்றடி நின்றால் ஓதம் அதற்கு மேலும் ஏறும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஒன்பதங்குலச் சுவரின் நடுவில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். தரைக்கு அடியில் நிரப்பிய மணலும் அப்படித்தான். மேலே டைல்ஸ் போட்டு மூடியிருப்பதால் அந்த ஈரம் வெளியேற வழி தேடும், வழி சுவர்தான். இங்கிலாந்தில் பழைய கட்டடக்காரர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது என்று வைத்துக்கொண்டாலும் மூன்று வாரத்தில் காய்கிற சமாசாரம் இல்லை.

மூன்று வாரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? என் தங்கை பெண்ணுக்கு எங்கள் கூடத்தில் நிச்சயதார்த்தம் வைப்பதாக முன்பே பேச்சு. மண்டபத்துக்கு மாற்றியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. கொத்தனார், சித்தாளைக் கூப்பிட்டேன். பொள்ளல் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, சிமெண்டில் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தாயிற்று. கொத்தனாரே சொன்னார்: "சார், தை பொறக்கட்டும் சார்." முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்குக் கொத்தனார் சொன்னால் ஏறுமா?

நிச்சயதார்த்தம் ஜோராக நடந்தது. ஃபோட்டோவில் சுவர் பளபளவென்று இருக்கிறது. மாசியில் அதே சுவரில் பெயின்ட் அம்மை போட்ட மாதிரிப் பொரிந்தது. சித்திரையில் உப்புப் பூத்துப் பஞ்சு பஞ்சாகத் தரையில் உதிர்ந்தது. கடைசியில் அத்தனையையும் திரும்பக் கொத்தி எடுத்தோம். இரட்டைச் செலவு. போதாததற்கு, நாங்கள் குடியிருக்கும்போதே இரண்டாம் தடவை கொத்து வேலை. வாசலில் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டும் சோற்றில் மண் விழுந்தது. என் மனைவி அந்த மாதம் என்னோடு பேசியது குறைவு.

இன்னொரு பக்கம் பாருங்கள். பின்கட்டில் ஒரு சாமான் அறை. பணம் தீர்ந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தொடவே இல்லை. ஜன்னல் மட்டும் அம்மா கணக்குப்படி திறந்து சாத்திக்கொண்டிருந்தாள். உப்பு வந்தபோது காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டினாள். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். சித்திரையில் அங்கே வெறும் சுண்ணாம்பு அடித்தோம். இன்றைக்கு வரை அந்தச் சுவரில் ஒரு பொட்டு உதிரவில்லை. வீட்டிலேயே நான் கை வைக்காத அறை அது ஒன்றுதான்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

காத்திருப்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆற்றைத் தாண்டிப் போங்கள், ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் இருக்கிறார். மூலவர் திருமேனி சுதையால் ஆனது. ஆகவே தண்ணீரில் திருமஞ்சனம் கிடையாது, அது உற்சவருக்குத்தான். மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனியில் ஜேஷ்டாபிஷேகம் முடிந்து தைலம் சாத்தினால், அது உலர்கிற நாற்பத்தெட்டு நாளும் திருமுகம் மட்டும்தான் சேவை. திருமேனியைத் திரையிட்டு மூடியிருப்பார்கள். கோயிலைப் பூட்டுவதில்லை. பூஜை நிற்பதில்லை. அவசரமாக வந்திருக்கிறேன், திருவடியைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. கோபுரத் திருப்பணி என்றால் பாலாலயம் செய்து, பெருமாள் அந்த வளாகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை முடியக் காத்திருக்கிறார். வேலை நடக்கிற வீட்டில் குடியிருப்பதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே கோயிலின் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வந்ததே, அதில் பாராட்டப்பட்ட ஒரு விஷயம் பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை: அடைபட்டுக் கிடந்த பழைய மழைநீர் வடிகால்களை மீட்டு, பிராகாரங்களில் தண்ணீர் தேங்காமல் செய்தது. வர்ணத்தைப் பார்க்கிற கண்ணுக்கு வடிகால் தெரிவதில்லை. உங்கள் வீட்டிலும் பெயின்ட் கம்பெனி அட்டையைப் புரட்டுவதற்கு முன்னால் சுவரோரம் வெளியே மண் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, பல வீடுகள் இன்றைக்குக் குழிக்குள் இருக்கின்றன.

மர சாமான் பற்றி ஒன்று. தேக்குக் கதவு உப்பினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். காய்ந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு இழைத்தவர்கள் வீட்டில் கோடையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி போய்வருகிறது. பிளைவுட் உப்பினால் அவ்வளவுதான், வருத்தப்பட்டுப் பிரயோசனமில்லை. இலவம்பஞ்சு மெத்தையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரமான பஞ்சில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு வீசிங் இருந்தால் அதைவிட விஷம் வேறில்லை. நனைந்த பத்திரத்தை இஸ்திரி போடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். பிரிக்க முடியாவிட்டால் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். போயே போனால் சார்பதிவாளர் ஆபீசில் நகல் கிடைக்கும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டத்தின்படி, கட்டுமானப் பழுதும் வெள்ளையடிப்பும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நிறையப் பேர் கையெழுத்துப் போட்டதோடு சரி.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு: 2021 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு தருகின்றன. வெள்ளம் அதில் அடங்கும். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் இருபது சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, உள்ளே இருக்கிற சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் வேறிடத்து வாடகைக்கும் அதில் வழி இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரி சமயத்தில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய்விடுகிறார்கள், பெரிய பெரிய ஈரமுறிஞ்சி யந்திரங்களை வைத்து வீட்டை உலர்த்துகிறார்கள். நமக்குப் போக்கிடம் இல்லாததால் இங்கேயே இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பாலிசி எடுத்தவர்களுக்கு வழி உண்டு, எடுப்பவர்கள்தான் குறைவு. கார் இன்ஷூரன்ஸ் தேதியை மனப்பாடமாகச் சொல்கிற நண்பரிடம் வீட்டு இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டேன். "வீடு எங்க சார் மோதப்போவுது?" என்றார்.

கிளெய்ம் பண்ணுவதாக இருந்தால், வாரிக் கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்கேல் அல்லது டேப்பைச் சுவரில் வைத்து, தண்ணீர் நின்ற மட்டம் தெரிகிற மாதிரி எடுங்கள்.

அந்த மட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். சேற்றுத் தண்ணீர் நின்று வடிந்தால் சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். எல்லோரும் முதலில் அதைத்தான் தேய்த்து அழிக்கிறோம். நாலு பேர் பார்த்தால் அசிங்கம் என்று. அழியுங்கள். ஆனால் கதவு நிலையிலோ சாமான் அறைச் சுவரிலோ ஆணியால் ஒரு கீறல் போட்டு, ஆண்டை எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்குப் பிளக் பாயின்ட்டை எங்கே வைப்பது, பீரோவுக்கு எவ்வளவு உயரம் மேடை கட்டுவது என்று அந்தக் கீறல் சொல்லும்.

எங்கள் வீட்டில் அது தரையிலிருந்து மூன்றடி நாலங்குலம். சுவிட்ச் போர்டெல்லாம் இப்போது நாலரை அடியில் இருக்கின்றன.